பழைய டபுள் கெப்புல செக் எஞ்சின் லைட் எரிஞ்சா உடனே பம்ப் மாத்தணுமா?

தம்பி கேட்டது இதுதான். 2007 டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் டபுள் கெப், லோட் ஏத்தினா இழுவை இல்ல, மீட்டர்ல மஞ்சள் எஞ்சின் லைட் எரியுது, கராஜ்ல டீசலை அமத்தி அனுப்புற பம்பும், எஞ்சினுக்குள்ள டீசல் பீச்சுற நாலு இன்ஜெக்டரும் மாத்தச் சொல்றாங்க, மாத்தவா எண்டு.

இப்ப மாத்தாதீங்க. இதே கூத்து எனக்கும் நடந்தது. என்டயும் அந்த வயசு ஹைலக்ஸ்தான், மட்டக்களப்பு படுவான்கரையில வயலுக்கு உரம், நெல்லு, சில நேரம் மாட்டுக்கு வைக்கோல், எல்லாம் அதுலதான். கரடியனாறு வரைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடும், பதுளை ரோட்டால மஹாஓயா தாண்டி பிபிலைப் பக்கம் ஏத்தம் தொடங்கினா மட்டும் திடீரெண்டு லைட் பத்தி, எவ்வளவு மிதிச்சாலும் நடந்து போற வேகம்தான், பின்னால வாற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே காது கிழிச்சிருவான். ஓஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா இழுவை திரும்ப வரும், லைட் மட்டும் போகாது. ஒரு கராஜ்ல கொடுத்தேன், எட்டிப் பாத்த உடனே பம்ப் எண்டாங்க, லட்சக்கணக்கில கணக்கும் சொன்னாங்க. ஸ்கேன் பண்ணினீங்களா எண்டு கேட்டா, பற்றரி வயரைக் கழட்டி லைட்டை அணைச்சுத் தந்தாங்க. அதுதான் செய்யவே கூடாத வேலை, ஏனெண்டா லைட் பத்தின நேரம் ஆர்பிஎம் என்ன, லோட் என்ன, சூடு என்ன எண்டு கம்ப்யூட்டர் எடுத்து வெச்சிருக்கிற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும், என்ன பழுது எண்டு காட்டுற நம்பரான கோட்டோட சேந்து அழிஞ்சிரும்.

கோட் வாசிக்க ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சொக்கட் இரிக்கு. இஎல்எம் 327 எண்ட சின்ன புளூடூத் சாமானை குத்தி ஃபோன்ல பாக்கலாம், ஆனா பழைய டீசல் வண்டி சிலதுல அது கனெக்டே ஆகாது, என்டயும் ஆகல்ல. பழைய டொயோட்டாவுல 4ஆம் பின்னையும் 13ஆம் பின்னையும் ஒரு வயர்த்துண்டால இணைச்சு கீயைப் போட்டா லைட்டே சிமிட்டிக் காட்டும், எண்ணினா ரெண்டு இலக்க நம்பர் வரும். கண் மங்கினவங்க இதைச் செய்ய வேணாம், 16ஆம் பின்ல எப்பவும் பற்றரி கரண்ட் நிக்கும், தவறி அதுல பட்டா ஃப்யூஸ் போகும், அதோட நிண்டா அதிர்ஷ்டம். நான் கடைசியில நல்ல ஸ்கேனர் வெச்சிருக்கிற ஒரு ஓட்டோ எலக்ட்ரிஷன்ட்டத்தான் போனேன்.

வந்தது பி 0087. அதுட அர்த்தம் காமன் ரெயில் எண்ட, இன்ஜெக்டர் நாலுக்கும் டீசல் குடுக்கிற குழாய்க்குள்ள கம்ப்யூட்டர் கேட்ட அளவு டீசல் பிரஷர் ஏறல்ல எண்டுறது மட்டும்தான். பம்ப் பழுது எண்டு அது சொல்லவே இல்ல. டேங்க்கில இருந்து பம்புக்கு டீசல் வராட்டியும் இதே கோட்தான் வரும். சும்மா ஓடுற நேரம் எஞ்சினுக்கு கொஞ்ச டீசல் போதும், அடைச்ச பில்டராலயும் அது வந்திரும், ஏத்தத்துல லோட்டோட மிதிச்சாத்தான் பத்தாமப் போகும். என்ட வண்டி பிபிலையில மட்டும் மூக்கறுத்தது அதாலதான்.

பில்டரைக் கழட்டிக் கவிழ்த்தா தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. குற்றம் என்டதான், 2022ல டீசல் தட்டுப்பாடு வந்த நேரம் கேன்ல சேத்து வெச்சதை எல்லாம் வடிக்காமக் கொள்ளாம டேங்க்கில ஊத்தினேன். புது பில்டர் போட்டு ரெண்டு கிழமை ராசாவா ஓடினது, மறுகா திரும்பவும் லைட். அப்பதான் அந்த எலக்ட்ரிஷன் பில்டருக்கும் பம்புக்கும் நடுவில தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டைத் தற்காலிகமாப் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், பாத்தா சோடாப் போத்தல் மாதிரி குமிழி குமிழியா ஓடுது. டேங்க்கில இருந்து வாற ரப்பர் ஹோஸ் கிளிப் பிடிக்கிற இடத்துல இறுகி வெடிச்சிருந்தது, டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும், அதால வெளியில இருந்து பாத்து ஒருத்தருக்கும் விளங்கல்ல. ஹோஸும் ரெண்டு கிளிப்பும் போட்டதோட சரி, அதே பம்ப் அதே இன்ஜெக்டர்தான் இண்டைக்கும் ஓடுது.

பம்ப், இன்ஜெக்டர் பழுதாகாது எண்டு நான் சொல்லல்ல. ஆனா இன்ஜெக்டர் நாலுலயும் பீச்சாமத் திரும்பி வடியுற ரிட்டர்ன் டீசலை நாலு போத்தல்ல பிடிச்சா எது கூட வடிக்குது எண்டு பத்து நிமிஷத்துல தெரியும், அதைக் காட்டச் சொல்லுங்க, காட்டாம மாத்தணும் எண்டா வேற மெக்கானிக் பாஸைப் பாருங்க. பி 1229 வந்தா கதை வேற, அது பிரஷர் தேவைக்கு மேல போகுது எண்டுறது, அந்த நேரம் பம்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்துற, பம்புலயே இரிக்கிற சக்ஷன் கண்ட்ரோல் வால்வ் இறுகியிருக்கா எண்டு பாக்கணும், அதுக்கும் முழுப் பம்ப் தேவையில்ல.

அக்கரைப்பற்றில என்ட சகலனுக்கு பி 0102 வந்தது, காத்து அளக்கிற சென்சர்ல இருந்து சிக்னல் குறைவு எண்டு. ரெண்டு தரம் சென்சர் மாத்தியும் போகல்ல, கடைசியில பாத்தா நெல்லு மூட்டைக்கு வந்த எலி பொனட்டுக்குள்ள கூடு கட்டி வயரைக் கடிச்சிருக்கு. நம்மட பக்கத்துல இந்த லைட் எரிஞ்சா முதல்ல எலிப் புழுக்கை கிடக்கா எண்டு பாக்கிறது நல்லது. யூடியூப்ல டேங்க் மூடியை இறுக்குங்க, லைட் போயிரும் எண்டு சொல்றதை நம்பி நேரத்தை வீணாக்காதீங்க, அது பெட்ரோல் வண்டிக் கதை.

நீங்க இண்டைக்கே செலவில்லாமப் பாக்கக்கூடிய ஒண்டு இரிக்கு. பில்டர் மண்டையில கைப்பம்ப் இருக்குமே, காலையில ஸ்டார்ட் பண்ண முதல் அதை அமத்துங்க. ராத்திரி முழுக்க நிண்டும் கல்லு மாதிரி இருந்தா காத்துப் பிரச்சினை அநேகமா இல்ல. மெத்தெண்டு உள்ள போய், பல தரம் அமத்தினாத்தான் இறுகுது எண்டா, ஹோஸ், கிளிப், அந்தக் கைப்பம்ப் சவ்வு, இந்த மூண்டுல ஒண்டு.