யதார்த்தமான கதைக்குள் நடக்க முடியாத ஒன்று ஏன் வருகிறது?

நடக்கவே முடியாத ஒன்றை மட்டும் உள்ளே நுழையவிட்டு, மற்றதெல்லாம் அன்றாட வாழ்க்கையாகவே நகரும் கதைகள் உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எனக்குப் பிடித்த உதாரணம். சென்னைக்கு வந்து நிற்கும் கடவுளைப் பிள்ளை காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார். அப்புறம், தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடமே ஆயுள் சந்தா பிடிக்கிறார்! (கடவுளின் ஆயுளுக்கு எத்தனை இதழ் அனுப்புவது?)

சரி, எதற்கு இந்தச் சுற்றுவழி? விருந்தாளி வந்து உட்கார்ந்தால்தான் நம் வீட்டுச் சுவரின் அழுக்கு நமக்கே உறுத்தும். கடவுள் அந்த விருந்தாளி. உறுத்துவது நம் பிழைப்பு. அவர் எப்படி வந்தார் என்று துருவாமல், வந்தவரிடம் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள்.

கடவுள் வருவதால் இதைப் பக்திக் கதை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். உள்ளே இருப்பதோ நல்ல கிண்டல்.