கைக்கு எட்டாத பிரேக் லீவர்: எதையும் மாற்றும் முன்பு ஒரு ஸ்க்ரூவைத் திருகுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். உயரம் 5 அடி, கை சின்னது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள ரோடு பைக் சைக்கிள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தால் விரல் நுனிதான் பிரேக் லீவரைத் தொடுகிறது. பாதி வழியிலேயே கை மரத்துவிடுகிறது. ஹேண்டில்பார், லீவர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இன்றைய ஷிமானோ நிறுவனத்தின் கியர்-பிரேக் லீவர்களில் பெரும்பாலானவற்றில் லீவரை உள்ளே இழுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். லீவரில் பொறித்திருக்கும், எஸ்.டி. (ST) என்று தொடங்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு ஷிமானோ தளத்தில் அந்த எண்ணுக்கான கையேட்டைப் பாருங்கள், படம் போட்டே காட்டியிருப்பார்கள். சின்ன ஃபிரேம் என்று சொல்லி விற்கும் வண்டியிலும் லீவர் பெரும்பாலும் பெரிய கைக்கான தூரத்திலேயே வருகிறது. பெட்டியைப் பிரித்துப் பூட்டும் கடை இதைத் திருகிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பாகம் விற்கப் பார்ப்பது அநியாயம்.

கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். இரண்டு லீவருக்கும் ஒரே அளவு. கீழ் வளைவைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு லீவரைச் சுற்றி மடங்கினால் அது போதும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

வேலை இதோடு முடியவில்லை. ஸ்க்ரூவைத் திருகிய பிறகு, ஒன்று பேடு (பிரேக் கட்டை) ரிம்மில் உரசும், இல்லையென்றால் லீவர் ஹேண்டில்பாரை முட்டிய பிறகும் பிரேக் பிடிக்காது. இரண்டாவது உயிருக்கே ஆபத்து. காலிபரில் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பாகம்) கேபிள் நுழையும் இடத்து உருளைத் திருகை இடஞ்சுழியாகச் சுற்றினால் பேடு ரிம்முக்குக் கிட்டே வரும். போதவில்லையா? கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டை 5 மி.மீ. அலன் கீயால் தளர்த்தி, கேபிளை இழுத்து, 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் (டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு) இறுக்கத்தில் பூட்டுங்கள். பேடுக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். வீல் கோணலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். லீவரை முழு பலத்தோடு அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு விரல் புக வேண்டும். கியர் முழுதாக மாறுகிறதா என்றும் பாருங்கள்.

கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. மலிவான டிஸ்க் காலிபர்களில் வெளிப்பக்கப் பேடு மட்டுமே நகரும், உள்பக்கம் நிலையாக நிற்கும். கேபிளை இழுத்து இடைவெளியைக் குறைத்தால் கேபிள் இழுக்கும் காலிபரின் கை பாதி தூரம் ஏற்கெனவே ஓடிவிட்டிருக்கும். பேடு தேயத் தேய அந்தக் கை கடைசி வரை போய் முட்டிக்கொள்ளும், பிடிப்பு போய்விடும். அதனால் அந்தக் கை முழுதாகப் பின்னால் போகும்படி கேபிளை விட்டுவிட்டு, உள்பக்கப் பேடின் திருகால் அதை டிஸ்க்குக்கு மயிரிழை தூரத்தில் கொண்டுவர வேண்டும். கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிற மெக்கானிக்குகள் ஏராளம்.

கடையில் ஹேண்டில்பாரை மேல்நோக்கித் திருப்பிக் கொடுத்து "இப்போ எட்டும்" என்பார்கள். நம்பாதீர்கள். லீவரும் கீழ் வளைவும் சேர்ந்தேதான் சுழலும், நடுவில் உள்ள தூரம் ஒரு மி.மீ. கூடக் குறையாது. வாட்ஸ்அப்பில் "லேடீஸ் ஹேண்டில்பார்" என்று 38 செ.மீ. அகலத்தைத் தள்ளிவிடும் தரகர்களும் அப்படியே. அகலம் தோளுக்கான அளவு, விரலுக்கானது அல்ல. ஸ்க்ரூவை முழுதாகத் திருகியும் எட்டவில்லை என்றால் மட்டும், வளைவின் ஆழம் 125 மி.மீ. அளவில் உள்ள காம்பேக்ட் ஹேண்டில்பாரைப் பற்றி யோசிக்கலாம்.

கேபிளையும் பாருங்கள். மலை மூடுபனியிலும் மழையிலும் உறைக்குள் துரு ஏறினால் லீவர் கல் மாதிரி இறுகும், சின்னக் கைக்கு அது இரட்டைச் சுமை. உள்கம்பியையும் வெளியுறையையும் சேர்த்து மாற்றுங்கள். முதல் சோதனையைச் சமதளத்தில், ஒவ்வொரு பிரேக்காகச் செய்யுங்கள். வலது லீவர் முன்சக்கரத்தைத்தான் பிடிக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். இறக்குமதி வண்டிகளில் அது மாறியிருப்பதுண்டு.