சைபரும் கல்லடியும்

கேள்வி: எனக்கு 19 வயது. அமெரிக்க அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹொப் பாட்டுகளை விடாமல் கேட்கிறேன். சொல்லெல்லாம் விளங்குகிறது, வரி விளங்குவதில்லை. ஒரே வரிக்கு ஆளுக்கொரு மறைபொருள் சொல்கிறார்கள். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பாண்டிருப்பு

பதில்: தம்பி, நான் 31 வருடம் தமிழ் படிப்பித்தவள். ஏ.எல். வகுப்பில் ஒரு பையன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ராப் வரிகளை எழுதிக்கொண்டு வந்து, "ரீச்சர், இதுவும் சிலேடைதானே?" என்று கேட்டான். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. அவன் சொன்னது சரி, சிலேடைதான். அப்படியென்றால் சிலேடையைச் சோதிக்கிற மாதிரியே இதையும் சோதிக்கலாம்.

காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்துப் பாடியது நினைவிருக்கும். 'பிண்ணாக்கு' எள்ளுக்கு எண்ணெய் பிழிந்த சக்கை, பாம்புக்குப் பிளந்த நாக்கு. அந்த ஒரு சொல் மட்டும் பொருந்தியிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆடுவது, இரைவது, குடத்தில் அடைவது, மூடி திறந்தால் முகம் காட்டுவது என்று எல்லாமே இரண்டுக்கும் பொருந்துகின்றன. ராப் வரியிலும் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் மறைபொருள் சொன்னால், பக்கத்தில் இருக்கிற சொற்கள் அதற்குத் துணை நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு மூன்று சொல் ஒரே பக்கம் இழுத்தால் நம்பலாம். ஒற்றைச் சொல்லை வைத்துக் கட்டிய விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

அடுத்தது ஊர். 'கல்லடி பட்டுத்தான் பாடப் பழகினேன், கீழே கிடக்கிற மீனைக் கேள்' என்று நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரருக்கு அது கல்லெறி வாங்கிய கதை, மீன் எதற்கு வந்தது என்று முழிப்பார். நம்மவருக்கு மட்டக்களப்பின் கல்லடிப் பாலமும் வாவியும் நிலா இரவில் பாடுகிற மீனும் உடனே கண்ணில் வரும். நியூயோர்க் பாட்டுகளும் இப்படித்தான். புரூக்ளின் பகுதிக்கு நிர்வாகப் பெயர் கிங்ஸ் கவுண்டி. அங்கே பிறந்தவர் தன்னை ராஜா என்று பாடினால், பெருமையோடு விலாசத்தையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று யோசிக்க வேண்டும்.

ஊரைவிட ஆழமாக ஒளிந்திருப்பது நம்பிக்கை. 1964இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் தொடங்கிய இயக்கத்தினரை 'ஐந்து சதவீதத்தினர்' என்பார்கள். அவர்களுக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் உண்டு: 1 அறிவு, 2 ஞானம், 3 புரிதல், 7 கடவுள். ராப் பாடகர் ரக்கீமும் வூ டாங் கிளான் என்ற ராப் குழுவினர் சிலரும் அந்த வழியில் வந்தவர்கள். ஆகவே அவர்கள் பாட்டில் காரணமில்லாமல் 7 வந்தால் நின்று கேளுங்கள். அவர்களுக்குப் பூச்சியம் என்பது முழு வட்டம், பெயர் சைபர். ஆமாம், நாம் கணக்குச் சொல்லும்போது சொல்கிற அதே சைபர்தான். அரபியின் 'சிஃப்ர்' இங்கிலீஷுக்கும் போய் நம்மிடமும் வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் அதற்கு இரகசிய எழுத்து என்றும் பொருள். ராப் பாடுகிறவர்கள் வட்டமாக நின்று மாறி மாறிப் பாடுவதற்கும் அதே பெயர். ஒரு சொல்லுக்குள் இத்தனை கதவு திறந்தபோது எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

எம்.எப். டூம் என்ற ராப் பாடகரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் டூமிலே. அதன் முதல் அசையில் மார்வெல் கொமிக்ஸின் இரும்பு முகமூடி வில்லன் டொக்டர் டூமும் இருக்கிறார், அழிவு என்ற பொருளும் இருக்கிறது. மேடையிலும் உலோக முகமூடியோடுதான் நின்றார். பெயர், பொருள், முகமூடி எல்லாம் ஒரே பக்கம் இழுக்கின்றன, பார்த்தீர்களா?

யாரை ஏசுகிறார்கள் என்று தெரியாமல் குழம்பினால் நம் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டை நினையுங்கள். அதில் வடசேரி, தென்சேரி என்ற இரு கட்சியும் மாறி மாறிப் பாடும் வசைப்பாட்டில், பாடுகிறவர் எந்தச் சேரி என்று தெரிந்தால்தான் குத்து எங்கே விழுகிறது என்று விளங்கும். ராப்பிலும் முதலில் ஆள் எந்தப் பக்கம் என்று கேட்டறியுங்கள்.

கேள்வி: வரிகளை எழுத்தில் பார்த்துக்கொண்டே கேட்பது நல்லதா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் வேண்டாம், மகள். 'சன்' என்று காதில் விழுவது மகனாகவும் இருக்கலாம், சூரியனாகவும் இருக்கலாம். நியூயோர்க்கில் கூட்டாளியைக் கூப்பிடுவதும் 'சன்' என்றுதான். ஐந்து சதவீதத்தினருக்கோ ஆண் சூரியன், பெண் பூமி. தாளில் எழுதுகிறவர் ஏதோ ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தாக வேண்டும், அந்த நிமிடமே மற்றது செத்துப்போகிறது. மூன்று தடவை தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் எடுத்துப் பாருங்கள்.