ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்றும்போது வினிகர் எதற்கு?

அவித்த முட்டைக்கு வண்ணமேற்றுவது ஐரோப்பாவில் பழைய ஈஸ்டர் வழக்கம். கடையில் வாங்கும் சாயத்தைவிட வெங்காயச் சருகுதான் எனக்குப் பிடித்தது. சருகைக் கொதிக்கவிட்டு, சிறிது வினிகர் ஊற்றி, முட்டையை அதிலேயே வேகவைத்தால் செங்கல் நிறம் ஏறும். முன்னதாக முட்டைமேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டினால், இலையின் ஓரப் பற்கள்கூட வெளிறிய அச்சாக விழும். கட்டை அவிழ்க்கும் வேலைக்குக் குழந்தைகள் சண்டை போடுவார்கள்!

ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதன்மேல் மெல்லிய புரதப் படலம் ஒன்று இருக்கிறது. வினிகரின் அமிலம் அந்தப் புரதத்தைச் சாயம் ஒட்டிக்கொள்ள ஏற்றதாக மாற்றுவதால் சாயம் நன்றாகப் பற்றுகிறது. 

வினிகர் கூடினால் நிறமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடு நுரைத்துக் கரைந்து, நிறம் திட்டுத்திட்டாகிவிடும்.