கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு தனி ஸ்கூல் நியாயமா? மிஸ் பதில் சொல்றாங்க

மொரீஷியஸ்ல ப்ரைமரி ஸ்கூல்ல ரொம்ப காலம் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவ நான். நீங்க அனுப்புன கேள்விங்கள ஒண்ணொண்ணா எடுக்கறேன். சிலதுக்கு ரெண்டு வரிதான் வரும், கோச்சுக்காதீங்க.

வாக்குவால இருந்து ஒரு அம்மா: மிஸ், என் பையன் க்ரேட் 5. இந்த அகாடெமி எல்லாம் ஏன் வந்துச்சு? முன்னாடி சிபிஇ மட்டும்தானே இருந்துச்சு?

ஆமா மா, சிபிஇ 2016 வரைக்கும் இருந்துச்சு. பதினோரு வயசுல ஒரு பரிட்சை, அதுல பின்னி எடுத்தா ராயல் கொலேஜ், க்வீன் எலிசபெத் மாதிரி ஸ்டார் கொலேஜ் (இங்க கொலேஜ்னா செகண்டரி ஸ்கூல்), இல்லன்னா சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாது. அந்த வயசுப் பிள்ளைக்கு இது ரொம்ப ஜாஸ்தின்னுதான் 2017ல ஒன்பது வருஷ படிப்பு கொண்டு வந்தாங்க. க்ரேட் 6ல பிஎஸ்ஏசின்னு ஒரு பரிட்சை, அப்புறம் உங்க ஜோன்ல இருக்கற ரீஜனல் கொலேஜ், க்ரேட் 9 முடிச்சு என்சிஇன்னு இன்னொரு பரிட்சை, அதுல நல்லா வந்தா க்ரேட் 10ல அகாடெமி, அதாவது நல்லா படிக்கற பிள்ளைங்கள செலக்ட் பண்ணி சேக்கற கொலேஜ். மொத்தம் 12 அகாடெமி, பேர் எடுத்த பழைய கொலேஜ்தான் பாதிக்கு மேல. வாசல மூணு வருஷம் தள்ளி வச்சாங்க, கூட்டம் அங்கயும் போயி நின்னுச்சு, லெசோனும் (நம்ம ஊர் ட்யூஷன்தான்) கூடவே போச்சு. 2024 நவம்பர்ல ஆட்சி மாறுனதுல இருந்து இதெல்லாம் மறுபடி பேச்சுல இருக்கு, அதனால உங்க பையனுக்கு எந்த ரூல்னு அமைச்சரகம் விடற சர்க்குலர பாத்துக்கங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்றத நம்பாதீங்க.

ரோஸ் ஹில், ஒரு அப்பா: எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஒரே நேரம். இதுல அநியாயம் எங்கிருந்து வந்துச்சு?

பேப்பர் ஒண்ணுதான் சார், அத எழுத வர்ற பிள்ளைங்க ஒரே இடத்துல இருந்து வரலயே. என் கிளாஸ்ல நடந்தத சொல்றேன். 3/8 பெருசா 2/5 பெருசான்னு போர்டுல எழுதுனேன். லெசோன் போற பிள்ளைங்க கடகடன்னு குறுக்குப் பெருக்கல் போட்டு 15, 16, ரெண்டாவதுதான் பெருசுன்னு முடிச்சுட்டாங்க. ஏன் குறுக்க பெருக்கற, அதுல என்ன தெரியுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் வரல. கடைசி பெஞ்சுல ஒரு பையன், அவன் நோட்ட பாத்தா எழுத்துக்கூட ஒழுங்கா இருக்காது, கிரியோல்ல சொன்னான்: மிஸ், ரெண்டுமே பாதிக்கு கொஞ்சம் கம்மி, முதலாவதுக்கு பாதியாக எட்டுல ஒண்ணு வேணும், அடுத்ததுக்கு பத்துல ஒண்ணு போதும், அப்போ அதுதான் பெருசு. யாரும் சொல்லிக் குடுக்கல சார், அவனா யோசிச்சான்! ஆனா கணக்குப் பேப்பர் இங்கிலீஷ்ல வருது, வீட்டுல பேசறது கிரியோல், கேள்விய படிச்சு புரிஞ்சுக்கவே அவனுக்கு பாதி நேரம் போயிடும். அப்புறம் மார்க்க பாத்து இவன் சுமார்தான்னு நாமளே எழுதி வச்சிடுவோம். கிரியோல் மொழியவே 2012லதான் ப்ரைமரில ஒரு ஆப்ஷன் பாடமா கொண்டு வந்தாங்க, பாத்துக்கங்க.

எபேன்ல ஐடி வேலை, சொந்த ஊர் சென்னை: நியூயார்க்ல கிஃப்டட் கிளாஸையே மூடிட்டாங்கன்னு படிச்சேன் மிஸ், இங்கயும் அப்படி பண்ணலாமா?

மூடல தம்பி. அங்க நாலு வயசுக் குழந்தைக்கு டெஸ்ட் வச்சு செலக்ட் பண்ணிட்டு இருந்தாங்க (நாலு வயசு! அதுக்கும் கோச்சிங்!), கறுப்பின, லத்தீன் பிள்ளைங்க ரொம்ப கம்மியா வர்றாங்கன்னு பெரிய சண்டை, 2021 அக்டோபர்ல மேயர் டி பிளாசியோ படிப்படியா நிறுத்தறேன்னு அறிவிச்சாரு. அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ் 2022ல நிறுத்தாம இன்னும் பெருசாக்குனாரு, நாலு வயசு டெஸ்ட் மட்டும் போச்சு. என்னக் கேட்டா மூடறதும் தப்பு, இருக்கறபடியே விடறதும் தப்பு. மூடுனா பணம் இருக்கறவங்க ப்ரைவேட்டுக்கு போயிடுவாங்க, என் கடைசி பெஞ்சு பையன் எங்க போவான்?

காத்ர் போர்ன்: அப்போ என்னதான் பண்ணணும்?

எல்லாப் பிள்ளையையும் தேடணும். ஃப்ளோரிடால ஒரு பெரிய பள்ளி மாவட்டத்துல, அப்பா அம்மாவோ டீச்சரோ பேர் குடுத்தாதான் கிஃப்டட் டெஸ்டுன்னு இருந்துச்சு. 2005ல இருந்து ரெண்டாம் கிளாஸ்ல எல்லாருக்கும் படம், பேட்டர்ன் மட்டும் வர்ற சின்ன டெஸ்ட் வச்சாங்க, மொழி தெரியணும்னே இல்ல. வசதி கம்மியான பிள்ளைங்க, இங்கிலீஷ் சரியா வராத பிள்ளைங்க கிஃப்டட்ல வர்றது 180 சதவீதம் கூடிடுச்சு. கார்ட், ஜூலியானோன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க ஆராய்ஞ்சு 2016ல போட்டாங்க. பிள்ளைங்க புதுசா புத்திசாலி ஆகல, முன்னாடியும் அங்கயேதான் உக்காந்திருந்தாங்க, யாரும் கேக்கல, அவ்ளோதான். அப்புறம் பட்ஜெட் இல்லன்னு நிறுத்துனதும் மறுபடி பழைய கதை. நம்ம தீவுல இத செய்யறது கஷ்டமே இல்ல, மொத்தப் பிள்ளைங்க எண்ணிக்கையே கொஞ்சம்தான். ஒரு தடவையோட நிறுத்தாம 8, 11, 14 வயசுலன்னு திரும்பத் திரும்ப பாக்கணும், லேட்டா மலர்ற பிள்ளைங்க நிறைய.

போர்ட் லூயிஸ்: சிங்கப்பூர்லயும் கிஃப்டட் ப்ரோக்ராம எடுத்துட்டாங்களாமே?

எடுக்கல, மாத்தறாங்க. 1984ல ஆரம்பிச்சது, ஒன்பது வயசுல சலிச்சு மேல இருக்கற 1 சதவீதத்த ஒன்பது ஸ்கூல்ல சேத்து வச்சிருந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல, இனி ஒவ்வொரு ப்ரைமரி ஸ்கூலும் தன்கிட்ட இருக்கற பிள்ளைங்களுக்கே நடத்தட்டும்னு அறிவிச்சாங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு.

க்யூர்பிப், கொஞ்சம் கோவமா: படிக்கற பிள்ளைய இழுத்துப் பிடிச்சாதான் சமத்துவமா?

நான் எங்க அப்படி சொன்னேன்? வேகமா போறவன் போகட்டும். ஆனா அதே 2017 சீர்திருத்தத்துல பிஎஸ்ஏசி பாஸ் ஆகாத பிள்ளைங்கள எக்ஸ்டெண்டட்னு தனியா போட்டு, மூணு வருஷ பாடத்த நாலு வருஷம் படின்னாங்க. கிட்டத்தட்ட அதே பாடத்த, கொஞ்சம் மெதுவா. அதுல எத்தன பேர் கரை சேந்தாங்கன்னு உங்க பக்கத்து கொலேஜ் டீச்சர் யாரையாவது கேட்டுப் பாருங்க. நம்ம வாட்ஸப் குரூப்ல லோரியேட் (அரசாங்க ஸ்காலர்ஷிப் ஜெயிச்ச பிள்ளைங்க) லிஸ்ட் வந்தா நாள் பூரா வாழ்த்து, இவங்களப் பத்தி ஒரு மெசேஜ் வந்து நான் பாத்ததில்ல.

மயேபூர்: என் பொண்ணுக்கு ஆறு வயசு, கிஃப்டட்டான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

இப்ப தெரிய வேண்டாம் மா. கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க, போதும்.

அதே வாக்குவா அம்மா: கடைசியா ஒண்ணு மிஸ், லெசோன் போடவா வேண்டாமா?

ஒரு பாடத்துல நிஜமாவே தடுமாறுறான்னா அதுக்கு மட்டும் போடுங்க. எல்லாரும் போடறாங்கன்னு அஞ்சு பாடத்துக்கும் போடாதீங்க, சனிக்கிழமைய அவனுக்கே விட்டுடுங்க.