கைவேலை ஆர்மோனியப் பெட்டிக்கு ஆளுக்கு ஆள் விலை ஏன் மாறுகிறது?

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரட்டை ரீடு பெட்டிக்கு (விரலால் அழுத்தும் கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒலி எழுப்பும் நாக்கு, அதாவது ரீடு, இரண்டு இருக்கும்) ஒருவர் 15 ஆயிரம் சொல்கிறார், இன்னொருவர் 40 ஆயிரம் சொல்கிறார், பேருக்குத்தான் காசா என்று கேட்டிருக்கிறீர்கள். பேருக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பங்கு, மூடியைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான்.

அப்பா மதுரைப் பக்கத்துத் திருவிழா நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்க முடியாது. கதாநாயகனான ராஜபார்ட் நடிகர் ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாட்டை எடுக்கும்போது பெட்டி பிசகினால் அவர் தொண்டைதான் பாடுபடும். அதனால் புதுப் பெட்டியை அப்பா எடுத்த எடுப்பில் வாசிக்கவே மாட்டார். துருத்தியை நன்றாக அடித்துவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல், பக்கவாட்டில் காதை வைத்துக் காத்திருப்பார். காற்று எங்கேயாவது கசிந்தால் மெல்லிய சீறல் கேட்கும்.

அப்புறம் ரீடு. 42 கட்டை, இரட்டை ரீடு என்றால் உள்ளே 84 பித்தளை நாக்குகள். ஒவ்வொன்றையும் கையால்தான் சுருதி சேர்க்க வேண்டும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு இழுப்பு கூடிப்போனால் மறுமுனையைச் சுரண்டிச் சரிக்கட்ட வேண்டும். அப்படியே போனால் நாக்கு மெலிந்துவிடும். நாக்குக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலே 14 மணி நேரம். நல்ல கைக்காரர் அதோடு விடமாட்டார். சில நாள் போட்டுவைத்து, சுருதி நகர்ந்த நாக்குகளை மறுபடி எடுப்பார். குறைந்த விலைக்குக் கொடுப்பவருக்கு அந்த நாட்கள் கட்டுப்படியாகாது.

மரமும் அப்படித்தான். நான் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிய ஒரு பெட்டி ஐப்பசி மழையில் ஊதிப்போய், அழுத்திய கட்டை மேலே எழும்பவில்லை. ஈரம் போகக் காய்ந்த தேக்கை வாங்கி அடுக்கி வைப்பவர் அதற்குப் போட்ட பணத்தையும் விலையில் சேர்க்கத்தானே செய்வார்?

குஜராத்தின் பாலிதானா ரீடு என்றால் தனி மதிப்பு உண்டு. ஆனால் நல்ல ரீடும் அவசரக் கையில் கெட்டுப்போகும்.

வாங்கும்போது கீழ் சட்ஜத்தையும் (ஸ) மேல் சட்ஜத்தையும் சேர்த்து அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். ஒலி அலை அலையாக நடுங்கினால் சுருதி இன்னும் சேரவில்லை. சரி செய்து தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.