மருமகனுக்கு விருந்து சரி, பொன்னாடை எதற்கு?

கேள்வி: என் அக்கா 1970களில் தாதி வேலைக்காக இங்கிலாந்து போனவர். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகன் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, 2006இல் ஈராக்கின் பாஸ்ராவில் இருந்தான். இப்போது ராணுவத்தை விட்டுவிட்டான். வரும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறான். அந்தப் போர் அநியாயம் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறவன் நான். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களோ, "நம்ம தோட்டத்து வீட்டுப் பிள்ளை, போர்வீரன்" என்று அவனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், "சிப்பாய் இல்லாமல் சண்டை ஏது? அவர் வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன்" என்கிறான். போரை எதிர்த்துக்கொண்டே போருக்குப் போனவனைத் தாங்கிப் பேசுவது இரட்டை வேடமா?
- ஒரு தாய்மாமன், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இரட்டை வேடம் இல்லை ஐயா. உங்கள் நண்பர்களும் உங்கள் மகனும்தான், எதிரெதிராக நிற்பதுபோல் தெரிந்தாலும், ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரு தரப்புக்கும் அந்தப் பையனும் அந்தப் போரும் ஒன்று. ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து மாலை போடுகிறார், இன்னொருவர் இரண்டுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துகிறார்.

ஈராக் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, 2003 மார்ச்சில், பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் அதை எதிர்த்துப் பதவி விலகினார். போரை ஆதரிப்பவர்கள் மட்டும்தான் படையினரை ஆதரிக்கிறார்கள் என்பது பொய், அவர்களை ஆபத்தில் தள்ளாத வழியைத் தேடுவதும் ஆதரவுதான் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஈராக் போரைப் பற்றி பிரிட்டன் நடத்திய சில்காட் விசாரணையின் அறிக்கை 2016இல் வந்தபோது தெரிந்தது. வேறு வழிகள் மீதமிருந்தபோதே போருக்குப் போனார்கள் என்றது அறிக்கை. சாலையோரக் குண்டுகளைத் தாங்கும் ரோந்து வாகனங்களைக் கொடுக்கத் தாமதித்தார்கள் என்றும் அதுவே சொன்னது. உங்கள் மருமகன் பாஸ்ராவில் இருந்த காலத்தில் லேசான கவசம் போட்ட லேண்ட்ரோவரில்தான் பல பையன்கள் ரோந்து போனார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் 179 பேர் இறந்தார்கள். (ஈராக்கில் இறந்த பொதுமக்கள் லட்சத்துக்கும் மேல். இதை விட்டுவிட்டு அதைச் சொல்லக் கூடாது.) பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் அரசை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். "நம் வீரர்களுக்குப் பின்னால் நிற்போம்" என்று மேடையில் முழங்கியவர்கள், ஒரு நல்ல வண்டியை நேரத்தோடு கொடுக்கவில்லை. படையினரை யார் ஆதரித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நமக்குப் பழக்கமான இன்னொரு கதையும் உண்டு. 1987இல் இந்தியா இலங்கைக்கு அமைதிப் படை அனுப்பியது. சில மாதங்களிலேயே அது புலிகளோடு போராக மாறியது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். படையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைக்கு வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. ஒரு முதல்வர் துறைமுகத்தில் நின்று மாலை போட்டால், அது போருக்குப் போட்ட மாலையாகிவிடும், யாழ்ப்பாணத்தில் பிள்ளையை இழந்தவருக்கு அப்படித்தான் படும். ஆனால் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் கிராமங்கள் உண்டு. அப்படி ஓர் ஊருக்குத் திரும்பிய மகனுக்கு அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தால் அதை யார் குறை சொல்ல முடியும்? வீடு வேறு, மேடை வேறு. உங்கள் சிக்கலுக்கு என் பதிலும் இதுதான்.

இனி உங்கள் மகன். அவன் கேள்வியைச் சின்னப் பையன் பேச்சு என்று தள்ளாதீர்கள். பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை 1960களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆக, அத்தான் விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ராணுவத்தை. எந்தப் போருக்குப் போவது என்பதை லண்டனில் வேறு ஆட்கள் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இந்தப் போர் பிடிக்கவில்லை என்று சிப்பாய் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. வந்தால் சிறை.

அதற்காக "மேலிடம் சொன்னது, செய்தேன்" என்று எல்லாவற்றையும் மூடிவிடவும் முடியாது. 1948 ஜூன் 16இல் உங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்ட பிறகுதானே மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தது? அதே ஆண்டு டிசம்பரில், பத்தாங் காலியில் ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவினர் சுட்டுக் கொன்றார்கள். நம் தாத்தா பாட்டிபோலப் பால்மரம் சீவிப் பிழைத்த ஜனங்கள். தப்பியோடப் பார்த்ததால் சுட்டோம் என்று அரசு கதை கட்டியது. 1970இல் அந்தப் படையில் இருந்த சிலரே வாய்விட்டு ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பொது விசாரணை நடத்த உத்தரவிட முடியாது என்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்ராவிலும் 2003இல் பஹா மூசா என்ற ஓட்டல் ஊழியர் பிரிட்டிஷ் காவலில் அடிபட்டுச் செத்தார், உடம்பில் 93 காயங்கள். படையினரை ஆதரிக்கிறேன் என்பது இதையெல்லாம் மூடும் போர்வையாக ஆகக் கூடாது. உங்கள் மருமகன் இப்படி எதையும் செய்தார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால், "நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று உங்கள் மகன் கேட்கலாம். வீட்டில் இருந்தால்தானே கேட்க முடியும்? அதைச் சொல்லிப் பாருங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். இலை போட்டுச் சோறு பரிமாறும்போது விசாரணையை ஆரம்பிக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், நீங்கள் யோசிக்காத ஒன்று. தீபாவளி என்றால் நம் தோட்டப்புறத்தில் முதல்நாள் இரவே பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிடும். போர் பார்த்தவர்களில் சிலருக்கு அந்தத் திடீர்ச் சத்தம் ஆகாது. அக்காவிடம் முன்கூட்டியே பேசித் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் பின்கட்டு அறையைக் கொடுங்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். போரைப் பற்றிய உங்கள் கருத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இதைச் செய்யலாம்.

கோயில் நிர்வாகத்திடம், "அவன் என் மருமகன், சாமி கும்பிட வருகிறான், எல்லாரையும்போல வரிசையில் நின்று பிரசாதம் வாங்கிக்கொள்வான்" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே பொன்னாடை வாங்கிவிட்டோம் என்றால் வீணாக்க வேண்டாம். அக்காவும் கூட வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் அதை அவருக்குப் போர்த்தச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து கிளம்பிப்போய், முன்பின் தெரியாத நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்.